மஞ்சள் துணிச் சாமியும் கப்பல் வண்டியும்

தண்டவாளத்துச் சிலிப்பர் கட்டைகளின் இடைவெளி எந்த மனிதனின் நடைக்கும் பொருந்தாது. ஒவ்வொரு கட்டையாக மிதித்தால் மணவறைக்குப் போகும் பெண்ணைப்போல் நடக்க வேண்டும். ஒன்று விட்டு ஒன்று தாண்டினால் திருடன் ஓடுவதுபோல் இருக்கும். நான் காலையிலிருந்து இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்துகொண்டு, கிள்ளானுக்கு முதுகைக் காட்டி, கோலாலம்பூர்ப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன்.

பின்னால் விட்டு வந்தது ஒரு ரப்பர் தோட்டம். அங்கே எனக்கு லாலான் புல் வெட்டும் வேலை. விட்டு வந்த விதத்தை எண்ணி வழிநெடுகப் பெருமைப்பட்டேன். விடியுமுன் ஆள் எண்ணிக் கூப்பிடும் பெரட்டில் எல்லாரும் வரிசையாக நிற்கும்போது, என் வரிசையை மேய்க்கும் மண்டோர் என்னைப் பார்த்து, புல் வளருகிற வேகத்துக்கு என் கை ஓடவில்லை என்றான். சொன்னது உண்மைதான். அதனால்தான் கோபம் வந்தது. மண்வெட்டியைத் தூக்கிப் பக்கத்திலிருந்த கால்வாயில் எறிந்துவிட்டு, "இந்த மூஞ்சிய நல்லாப் பாத்து வச்சிக்க. இனிமே இந்தத் தோட்டத்துல பாக்க மாட்டே" என்றேன். ஊர்வலம் வைத்து வழியனுப்ப வேண்டிய பேச்சு. ஆனால் அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. ஆட்கள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு அவரவர் மர நிரைக்குப் போய்விட்டார்கள். என் மூஞ்சியை மழைதான் பார்த்தது.

போக நினைத்த இடம் கோலாலம்பூரில் இருக்கும் பிரிக்பீல்ட்ஸ். என்னோடு ஒரே கப்பலில் வந்தவன் ஒருவன் அங்கே ரயில்வேயில் வேலையாக இருந்தான். எப்போது வேண்டுமானாலும் வா, வேலை வாங்கித் தருகிறேன் என்று அவன் சொல்லியிருந்தான். சொன்னது கப்பலில் வைத்து, வாந்திக்கும் வாந்திக்கும் நடுவில். அப்போது அவனுக்கே வேலை கிடையாது. இருந்தாலும் நான் அந்த வாக்கை ஆண்டுக்கணக்காகச் சட்டைப் பையில் வைத்திருப்பவன்போல வைத்திருந்தேன். ஒவ்வொரு வேலையை விடும்போதும் அது எனக்குத் தைரியம் கொடுத்தது.

விட்ட வேலைகள் சில உண்டு. கள்ளுக்கடையில் பானை கழுவினேன். மாட்டு வண்டி ஓட்டினேன்; மாடுகளுக்கு என்னைவிட வழி நன்றாகத் தெரிந்திருந்ததால் அந்த வேலை நிலைக்கவில்லை. கிள்ளானில் ஒரு கோயிலில் பூசாரிக்குக் கையாளாகச் சந்தனம் அரைத்தேன். பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புப் பாதியில் நின்றவன் நான். கோயிலில் கற்றதும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆனால் எந்தச் சாமிக்கு என்ன பூ, என்ன துணி என்பதில் என்னை யாரும் அசைக்க முடியாது என்று ஒரு நினைப்பு மட்டும் ஒட்டிக்கொண்டது. இந்த நினைப்பைக் கவனத்தில் வைக்க வேண்டும். பின்னால் வரப்போகும் கூத்துக்கு இதுதான் காரணம்.

பிற்பகலில் பழைய காய்ச்சல் எட்டிப் பார்த்தது. அது எனக்கு வழக்கமானது. வெயிலில் குளிரும், பல் அடித்துக்கொள்ளும், பிறகு தானாகப் போய்விடும். காலையில் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. உட்கார ஓர் இடம் கிடைத்தால் போதும் என்று வந்துகொண்டிருந்தபோது, ரப்பர்ப் பால்மரக் காட்டுக்கு நடுவே அந்த நிறுத்தம் தென்பட்டது.

ஸ்டேஷன் என்று சொன்னால் அதற்கே கூச்சமாக இருக்கும். பழைய கட்டைகளை அண்டைகொடுத்து மண்ணை மேடாக்கியிருந்தார்கள். மேலே அத்தாப்பு ஓலைக் கூரை, அதன் கீழே ஒரு பெஞ்சு. பெயர்ப்பலகை ஒன்று நின்றது. பெயரைக் கறையான் தின்றுவிட்டு, பலகையைத் தின்னத் தொடங்கியிருந்தது. கூரைக்குப் பின்னால் ஒரு வீடு, மாட்டுக் கொட்டில். சற்றுத் தள்ளி, தண்டவாளத்தை ஒட்டிய மரத்தடியில் ஒரு கல்லும் உயரமான சூலமும். முனியாண்டி. சூலத்தில் வெளுத்துப்போன மஞ்சள் துணி கட்டியிருந்தது.

பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்தார். ஒரு காலை இழுத்து நடந்தார். பித்தளைப் பொத்தான் வைத்த ரயில்வேக் கோட்டு. உள்ளே சட்டை இல்லை. கையில் சுருட்டிய இரண்டு கொடிகள், ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. அவர்தான் அந்த நிறுத்தத்தின் கொடிக்காரர், மாஸ்டர், கூலி, எல்லாம்.

"வண்டிக்கா தம்பி?" என்றார்.

என்னை யாரும் அவ்வளவு ஆசையோடு ஒரு கேள்வி கேட்டதில்லை. இல்லை, நடந்தே போகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் வீட்டுப் பக்கம் திரும்பி, "பாசஞ்சர் வந்திருக்காரு, கஞ்சி இருக்கா?" என்று குரல் கொடுத்துவிட்டார். கஞ்சி என்ற சொல்லைக் கேட்டதும் நான் பாசஞ்சர் ஆகிவிட்டேன்.

அவர் மனைவி கஞ்சியும் சுட்ட கருவாடும் கொண்டுவந்து வைத்தார். நான் குடிக்கக் குடிக்க இருவரும் தங்கள் கவலையைச் சொன்னார்கள். பக்கத்தில் புதுச் சாலை போட்டு, அதில் பஸ் ஓடத் தொடங்கிய பிறகு இங்கே வண்டி ஏற ஆள் வருவதில்லை. ஆள் இருந்தால் சிவப்புக் கொடி காட்ட வேண்டும், வண்டி நிற்கும். இல்லாவிட்டால் பச்சை, வண்டி போய்விடும். பல மாதமாகப் பச்சைதான். மறுநாள் காலையில் ரயில்வே இன்ஸ்பெக்டர் ஒருவர் வருகிறார். எங்கும் நிற்காத கப்பல் வண்டியில் முதலில் கிள்ளானுக்குப் போய், அங்கிருந்து திரும்பும் சாதாரண வண்டியில் இந்த வழியாக வருவார். இங்கே ஒருவராவது ஏறுகிறாரா என்று பார்ப்பார். ஏறாவிட்டால் நிறுத்தத்தை மூடிவிடுவார்கள்.

"மூடினா இவருக்கு வேற வேலை குடுக்க மாட்டாங்க. காலு இப்படி. கப்பல் சீட்டக் குடுத்து ஊருக்குப் போன்னுருவாங்க" என்றார் அந்த அக்காள்.

ஊருக்குப் போவது நல்லதுதானே என்று நான் கேட்டேன். கஞ்சி உள்ளே போனதும் அறிவுரை வெளியே வந்துவிடுகிறது.

"எந்த ஊருக்கு? அவரு பொறந்த ஊருக்கு. நான் பொறந்தது இந்தா, இந்தக் கொட்டில் இருக்கே, அந்த எடத்துல. அப்ப தண்டவாள வேல பாக்குற கேங்கு ஆளுங்க கொட்டகை போட்டிருந்தாங்க. கப்பல நான் கண்ணால பாத்ததில்ல தம்பி. எனக்கு ஊருன்னா இந்தப் பலகைதான்."

பெயரே இல்லாத பலகை. நாளைக்கு அவசியம் ஏறுகிறேன், கோலாலம்பூர் வரை போகிறேன் என்றேன். டிக்கெட்டைத் தான் பார்த்துக்கொள்வதாகக் கொடிக்காரர் சொன்னார். நடக்க இருந்த தூரத்துக்கு வண்டி, நடுவில் சாப்பாடு, அதற்கு மேல் நன்றி வேறு. எனக்கே சந்தேகமாக இருந்தது.

பொழுது சாயும்போது கொடிக்காரர் அந்த நிறுத்தத்தின் வரலாற்றைச் சொல்லத் தொடங்கினார். கேட்க ஆள் கிடைத்துப் பல மாதமாகியிருக்கும். ஆரம்பத்தில் இங்கே தண்டவாளம் மட்டும்தான். வண்டிகள் விறகு எரித்து ஓடிய காலம். காட்டை வெட்டி விறகை இந்த இடத்தில்தான் அடுக்குவார்கள். விறகு ஏற்ற வண்டி நிற்கும். நிற்கிற வண்டியில் ஆள் ஏறும். பிறகு நிலக்கரி வந்தது, விறகு வேண்டாம் என்றாகிவிட்டது, வண்டியும் நிற்பதில்லை. கேங்கு ஆட்கள் மட்டும் தங்கினார்கள். காய்ச்சலில் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். அப்போதுதான் முனியாண்டியை நட்டார்கள். வண்டியைத் திரும்ப நிற்கவைத்தது அந்த முனியாண்டிதான், எப்படி என்றால்...

எப்படி என்பது எனக்குத் தெரியாது. தூங்கிவிட்டேன். முக்கியமான இடத்தில் தூங்குவது பள்ளிக்கூட நாளிலிருந்து எனக்குள்ள பழக்கம்.

காலையில் எழுந்தபோது காய்ச்சல் விட்டிருந்தது. இன்னும் ஓரிருவர் ஏறினால் நன்றாக இருக்குமே என்று கொடிக்காரர் பக்கத்து மலாய்க் கிராமமான கம்பத்துக்கு ஆள் தேடிப் போயிருந்தார். அக்காள் மாட்டருகே இருந்தார். குளித்துவிட்டுச் சாமியைக் கும்பிட்டு நில்லுங்கள், நல்லபடியாக நடக்கட்டும் என்றார்.

குளித்துவிட்டு முனியாண்டி முன்னால் போய் நின்றேன். அந்த மஞ்சள் துணி கண்ணை உறுத்தியது. மஞ்சள் அம்மனுக்கு, முனிக்குச் சிவப்பு. இதுகூடத் தெரியாமல் இவ்வளவு காலம் கும்பிட்டிருக்கிறார்கள், பிறகு நிறுத்தம் மூடாமல் என்ன செய்யும் என்று நினைத்தேன். சந்தனம் அரைத்த கை சும்மா இருக்கவில்லை. என்னிடம் உருப்படியாக இருந்தது ஒரு சிவப்புத் துண்டு, கிள்ளானில் வாங்கியது, ஒருமுறைகூடத் துவைக்காதது. என்னைச் சாப்பிட வைத்தவர்களுக்காக அதைக் கொடுத்துவிடலாம் என்று மனம் இளகியது. இளகிய மனத்தோடு நான் செய்த காரியம் எதுவும் நல்லபடி முடிந்ததில்லை. மஞ்சளை அவிழ்த்து மடித்துக் கல்லடியில் வைத்தேன். துண்டைச் சூலத்தின் உச்சியில் முடிந்து, இரண்டு முனையும் காற்றில் ஆடும்படி விட்டேன். தண்டவாளத்துக்கு நேர் எதிரே, வெகு தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரியும்படி ஆடியது. பின்னால் நகர்ந்து நின்று ரசித்தேன்.

கொடிக்காரர் ஆள் யாரும் கிடைக்காமல் திரும்பி வந்தார். வந்த வேகத்தில் மேடையில் ஏறி, பச்சைக் கொடியை விரித்துப் பிடித்தார். கப்பல் வண்டி வரும் நேரம். துறைமுகத்தில் கப்பல் ஏறப்போகும் துரைமார் போகிற வண்டி அது. அதன் விசில் கேட்டது. புகை தெரிந்தது. பிறகு இரும்போடு இரும்பு உரசி ஒரு சத்தம் வந்தது. என் பல் எல்லாம் கூசியது.

எங்கும் நிற்காத வண்டி முனியாண்டிக்கு நேராக நின்றது.

ஜன்னல்களில் தொப்பிகள் நீண்டன. ஒரு கூடைக்குள்ளிருந்து நாய் குரைத்தது. கொடிக்காரர் பச்சைக் கொடியைப் பார்த்தார், எஞ்சினைப் பார்த்தார், சாமியைப் பார்த்தார். பச்சைக் கொடி கீழே விழுந்தது. கடைசிப் பெட்டியிலிருந்து வெள்ளைக் கால்சட்டையும் கறுப்புக் குடையுமாக ஒருவர் இறங்கினார். அவர்தான் இன்ஸ்பெக்டர், யாழ்ப்பாணத்துக்காரர். அவர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ஆர் இந்தச் சிவப்பைக் கட்டினது?"

கொடிக்காரர் வாய் திறந்தார். நான் கட்டினேன் என்றுதான் அவர் சொல்லப் போகிறார் என்று அவர் முகத்தில் தெரிந்தது. நான்தான் என்று சொல்ல எனக்கும் வந்தது. ஆனால் கூடவே இன்னொரு யோசனை, பால்மரக் காட்டுக்குள் ஓடினால் பிடிப்பார்களா என்று. இரண்டுக்கும் நடுவில் நான் நின்றுகொண்டிருக்கையில் அக்காள் சாணிக் கையோடு முன்னால் வந்தார்.

"பாசஞ்சருங்க ஐயா. இவருதான் கட்டினாரு. அவசரமாப் போவணுமாம். நாங்க வேணாம்னோம், கேக்கல."

இன்ஸ்பெக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்பிடியென்ன அவசரம் காணும்? எங்க போறீர்?"

"கோலாலம்பூருக்குங்க" என்றேன். முந்தின நாளிலிருந்து மனப்பாடம் செய்து வைத்திருந்தது அதுதான்.

"இது கிள்ளானுக்குப் போற வண்டி."

அக்காள் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் திட்டு ஒன்றும் இல்லை. தன்னை ஏற்றிப் போக வந்த கப்பலைப் பார்க்கிறவரைப்போல் பார்த்தார். என் வாய் தானாகத் திறந்தது. கிள்ளானுக்குத்தான், கலவரத்தில் மாற்றிச் சொல்லிவிட்டேன், தோட்டத்தில் வேலை, லீவில் வந்தேன், இன்றைக்குள் திரும்பாவிட்டால் வேலை போய்விடும் என்று கொட்டினேன். எந்தத் தோட்டம் என்றார். வேறொரு தோட்டத்தின் பெயர் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. விட்டு வந்த தோட்டத்தின் பெயரையே சொன்னேன்.

"அப்ப ஏறும். கெதியா ஏறும்" என்று சொல்லிவிட்டு, குடை நுனியால் சூலத்திலிருந்த என் துண்டைத் தட்டி எடுத்து அக்குளில் செருகிக்கொண்டார்.

கார்டு பெட்டியில் தபால் மூட்டைகளுக்கும் ஒரு துரையின் நாய்க்கும் நடுவே என்னை உட்கார வைத்தார்கள். வண்டி நகரும்போது பார்த்தேன்: அக்காள் கல்லடியிலிருந்து மஞ்சள் துணியை எடுத்துத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார். கொடிக்காரர் பச்சைக் கொடியை எடுத்துப் பிடித்திருந்தார், வண்டி போன பிறகும் பிடித்திருந்தார்.

இன்ஸ்பெக்டர் எனக்கு எதிரே ஒரு பெட்டி மேல் உட்கார்ந்தார். "உந்தச் சாமி ஏன் மஞ்சள் கட்டியிருக்கெண்டு உமக்குத் தெரியாதோ?" என்று கேட்டார். அம்மன் துணியைத் தவறிக் கட்டியிருப்பார்கள் என்றேன். அவர் நாயைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். பிறகு, நான் தூங்கி விட்டுவிட்ட வரலாற்றின் மிச்சத்தை அவரே சொன்னார்.

காய்ச்சல் நின்றதும் கேங்கு ஆட்கள் வேண்டுதலைத் தீர்க்க முனியாண்டிக்குச் சிவப்புப் பட்டு கட்டினார்கள். மறுநாள் வந்த வண்டியின் டிரைவர் சிவப்பைப் பார்த்து வண்டியை நிறுத்தினான். வண்டிதான் நின்றுவிட்டதே என்று ஆட்கள் ஏறிக்கொண்டார்கள். அடுத்த டிரைவரும் நிறுத்தினான். அதன் பிறகு நிற்பது வழக்கமாகிவிட்டது. வெள்ளைக்கார என்ஜினியர் ஒருவர் வந்து, துணியை அவிழ்க்கச் சொன்னார். சாமியை அம்மணமாக நிறுத்த மாட்டோம் என்று கேங்கு ஆட்கள் வேலைக்குப் போகாமல் உட்கார்ந்துவிட்டார்கள். கடைசியில் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். சாமி மஞ்சள் கட்டிக்கொள்ளும். ரயில்வே ஒரு மேடை போட்டு, ஆள் இருந்தால் வண்டியை நிறுத்தும். அந்த நிறுத்தம் உண்டானது அப்படித்தான். ரயில்வேயில் பழைய ஆட்கள் எல்லாருக்கும் தெரிந்த கதை.

அதாவது, அந்த மேடை, பெஞ்சு, பலகை, கொடிக்காரர் வேலை, அக்காளின் மாட்டுக் கொட்டில் எல்லாமே ஒரு மஞ்சள் துணியில் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தன. அதைத்தான் நான் அவிழ்த்து மடித்து வைத்தேன், அழகாக.

"ஏற்பாட்டை அவையள் மீறியிருந்தால் இண்டைக்கே மூடியிருப்பன்" என்றார் இன்ஸ்பெக்டர். "பாசஞ்சர் மீறினதெண்டால் கதை வேற. ஏற ஆள் இல்லையெண்டு எழுதத்தான் வந்தனான். கப்பல் வண்டியையே மறிச்சு ஏறுற ஆள் இருக்கேக்க, அப்பிடி எப்பிடி எழுதுறது? மூடினால் அடுத்தவன் தண்டவாளத்தில படுப்பான்." பிறகு என்னை நிதானமாகப் பார்த்தார். "நீர் சொன்னது உண்மையெண்டால். கிள்ளானில எனக்கு நேரம் கிடக்கு. உம்மட தோட்டம் மட்டும் நானும் வாறன்."

கிள்ளானில் இறங்கியபோது சந்தைக் கூட்டம். புகுந்து மறைவது எனக்கு ஒரு வேலையே இல்லை. என்னிடம் நன்றாக வந்த ஒரே வேலை அதுதான் என்றுகூடச் சொல்லலாம். இரண்டு முறை கால் அந்தப் பக்கம் திரும்பியது. இரண்டு முறையும் அந்தச் சாணிக் கை நினைவுக்கு வந்தது. குடைக்காரருக்குப் பின்னால், முந்தின நாள் ராஜாவைப்போல் வெளியேறிய வழியே திரும்ப நடந்தேன்.

தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணி எங்களைப் பார்த்தார். இவர் உங்கள் ஆள்தானா, லீவில் வந்தவரா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். கிராணி ஒரு வார்த்தை சொன்னால் போதும், பொய் உடைந்துவிடும். அவர் என்னைப் பார்த்தார், ஜன்னல் வழியே இடுப்புயரம் நின்ற லாலானைப் பார்த்தார். தோட்டத்தில் புல்வெட்ட ஆள் பற்றாத நேரம்.

"ஆமா, நம்ம ஆள்தான். லீவுலதான் போனான்" என்றார்.

இன்ஸ்பெக்டர் தலையசைத்தார். போகும்போது, இனிமேல் சாமிக்குத் துணி கட்டுகிற எண்ணம் இருந்தால் பச்சையாகக் கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். துண்டைத் திருப்பித் தரவில்லை.

மறுநாள் விடியுமுன் பெரட்டில் பழைய வரிசையில் நின்றேன். மண்டோர் விளக்கை என் முகத்துக்கு அருகில் கொண்டுவந்தான். ஒரு பக்கம் பார்த்தான், மறு பக்கம் பார்த்தான், மெதுவாக, நான் சொன்னபடியே.

"நல்லாப் பாத்து வச்சிக்கிட்டேன் அண்ணே" என்றான். "மம்முட்டி எங்க?"

வரிசை முழுக்கச் சிரித்தது. அன்று மழை இல்லை, எல்லாரும் நின்று நிதானமாகப் பார்த்தார்கள். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, என் முதல் வேலையாகக் கால்வாய்க்குள் இறங்கி, இடுப்பளவுச் சேற்றில் காலால் துழாவி அந்த மண்வெட்டியைத் தேடத் தொடங்கினேன்.